ஜப்பானிய ஆண் பாடகர்களின் புதுப் பாட்டுகள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழி வகுப்பில் ஒருநாள் ஆசிரியை "லெமன்" என்ற பாட்டைப் போட்டுவிட்டு, காதில் விழும் சொற்களை எழுதச் சொன்னார். எனக்கு நாலே சொல்தான் தேறியது. ஆனால் அன்று ராத்திரி தூங்கும்வரை அந்த மெட்டு என்னை விடவில்லை. அது 2018. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், அக்கா மகன், வகுப்புத் தோழர்கள் என்று பலர் என் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதும் எழும் சந்தேகங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே கீழே எழுதியிருக்கிறேன். ஏறத்தாழ 2016க்குப் பிறகு வந்த பாட்டுகள்தான் இங்கே பேச்சு. பெயர்களை ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னால் வைத்து எழுதுகிறேன்.

ஜப்பான் பாட்டுன்னாலே அனிமே பாட்டுதானே?

நம் ஊருக்கு அனிமே வழியாக வந்து சேர்ந்ததால் அப்படித் தோன்றுகிறது. 2016இல் "கிமி நோ நா வா" படத்துக்காக ராட்விம்ப்ஸ் குழுவின் நோதா யோஜிரோ பாடிய "ஸென்ஸென்ஸென்ஸே" பலருக்கு முதல் பாட்டு. அதே இயக்குநரின் அடுத்த படமான "வெதரிங் வித் யூ" 2019 அக்டோபரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்ததே ரசிகர்கள் நடத்திய கையெழுத்து இயக்கத்தால்தான். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கும் ராட்விம்ப்ஸ்தான் இசை.

ஜப்பானுக்குள் கணக்கு வேறு. அங்கே "டை-அப்" என்று ஒரு வழக்கம் உண்டு. தொலைக்காட்சித் தொடர், சினிமா, அனிமே, விளம்பரம் ஏதாவது ஒன்றோடு பாட்டைச் சேர்த்து வெளியிடுவார்கள். "லெமன்" பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களைப் பற்றிய தொடருக்கு எழுதப்பட்டது. கிங் நூ குழுவின் "ஹாகுஜிட்ஸு" தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக வாதாடும் வக்கீல் தொடருக்கு. ஹிகெடான் குழுவின் "ப்ரிடெண்டர்" ஒரு சினிமாவுக்கு. ஃபுஜீ கஸெயின் "கிராரி" கார் விளம்பரத்துக்கு. ஆனால் நம் சினிமாப் பாட்டைப் போலக் கதைக்குள் வந்து யாரும் வாயசைப்பதில்லை. தொடர் முடிந்த பிறகும் அது அந்தப் பாடகரின் பாட்டாகவே நிற்கும்.

ஆண் பாடகர்னு ஏன் தனியாப் பிரிச்சுப் பேசணும்? பாட்டு பாட்டுதானே?

நியாயமான கேள்வி. பிரிப்பது நான் இல்லை, ஜப்பானே அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் என்.எச்.கே. தொலைக்காட்சியில் "கோஹாகு உதா காஸ்ஸென்" நடக்கும். சிவப்பு வெள்ளைப் பாட்டுப் போர் என்று பொருள். 1951இல் வானொலியில் தொடங்கியது. பெண்கள் சிவப்பு அணி, ஆண்கள் வெள்ளை அணி. புது வருடம் பிறப்பதற்குள் எந்த அணி ஜெயித்தது என்று சொல்லிவிடுவார்கள். குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி அது. அந்த வருடம் எந்தப் பாட்டு வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்னொரு காரணம் காரோகே. வேலை முடிந்து நண்பர்களோடு போய்ப் பாடுகிற பழக்கம் அங்கே ஆழமாக வேரோடியிருப்பதால், தன் குரலுக்கு ஒத்துவரும் பாட்டு எது என்று ஆண்களும் பெண்களும் தனித்தனியாகத் தேடுகிறார்கள்.

எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? ஒரு அஞ்சு பாட்டு சொல்லுங்க போதும்.

நான் கொடுக்கும் வரிசை இதுதான்: ஹிகெடானின் "ப்ரிடெண்டர்" (2019), யொனெஸு கென்ஷியின் "லெமன்" (2018), கிங் நூவின் "ஹாகுஜிட்ஸு" (2019), ஃபுஜீ கஸெயின் "ஷினு நோ கா ஈ வா" (2020), வௌண்டியின் "காய்ஜூ நோ ஹனாஉதா" (2020).

"ப்ரிடெண்டர்" முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. மொழியே தெரியாதவர்களையும் அது முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்கிறது. இந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஒத்துவராது என்று தெரிந்துகொண்டே காதலிக்கும் ஒருவனின் பாட்டு அது. குரலும் பியானோவும் ஃபுஜிஹாரா சதோஷி. ஷிமானே என்ற, ஜனத்தொகை குறைந்த மாவட்டத்தில் 2012இல் கூடிய குழு. ஃபுஜிஹாரா கொஞ்ச காலம் வங்கியில் வேலை பார்த்தவர். ஹிகெடான் என்பது ஒஃபிஷியல் ஹிகெ டாண்டிஸ்ம் என்ற நீளமான பெயரின் சுருக்கம். "ஹிகெ" என்றால் மீசை தாடி. அது பொருந்துகிற வயதிலும் வாசித்துக்கொண்டிருப்போம் என்று வைத்த பெயர்.

"காய்ஜூ நோ ஹனாஉதா"வைக் கடைசியில் வைத்தது, அதைக் கேட்டுவிட்டு மற்றதைக் கேட்டால் மற்றவை மெதுவாகத் தெரியும் என்பதால். ராட்சத மிருகத்தின் முணுமுணுப்புப் பாட்டு என்பது தலைப்பின் பொருள். 2020இல் வந்து, 2022 கோஹாகு மேடைக்குப் பிறகுதான் நாடு முழுக்கப் பரவியது. சத்தமாகக் கேட்க வேண்டிய பாட்டு.

பாடறவரேதான் எழுதறாரா? தனியா பாடலாசிரியர், இசையமைப்பாளர் கிடையாதா?

நம் காதுக்கு இந்தப் பாட்டுகள் வித்தியாசமாகப் படுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். நமக்கு இசையமைப்பாளர் ஒருவர், வரி எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். மேலே சொன்ன ஐந்து பாட்டிலும் சொல்லும் மெட்டும் அந்தப் பாடகருடையதோ அதே குழுவில் உள்ளவருடையதோதான். யொனெஸு கென்ஷி எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, ஆல்பத்துக்குப் படமும் வரைவார். வௌண்டி கலைக் கல்லூரியில் வடிவமைப்பு படித்தவர், 2000இல் பிறந்தவர். பாட்டோடு அதன் தோற்றத்தையும் தானே பார்த்துக்கொள்கிறார்.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 2007 ஆகஸ்டில் சப்போரோ நகரத்து நிறுவனம் ஒன்று "ஹாட்சுனே மிக்கு" என்ற மென்பொருளை வெளியிட்டது. மெட்டையும் வரியையும் கொடுத்தால் ஒரு பெண்குரல் பாடும். பாடகர் கிடைக்காத பையன்கள் அறையைச் சாத்திக்கொண்டு முழுப் பாட்டையும் தனியாகச் செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் "ஹாச்சி" என்ற பெயரில் இருந்தார். 2010இல் அவருடைய "மாத்ரியோஷ்கா" அந்த உலகத்தில் பெரிய அலை. படமும் அவரே வரைந்தது. 2012இல் அவர் சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் "டயோரமா" என்று ஒரு ஆல்பம் போட்டார். அந்த ஹாச்சிதான் யொனெஸு கென்ஷி. மூச்சு விட வேண்டிய அவசியமில்லாத இயந்திரக் குரலுக்கு எழுதிப் பழகியவர் என்று தெரிந்தபின் அவருடைய வேகமான பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். சொற்கள் ஏன் அப்படி நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன என்று புரியும்.

விதிவிலக்கும் உண்டு. நடிகர் சுடா மசாகி பாடிய "மாச்சிகாய் சகாஷி" (2019) யொனெஸு எழுதிக் கொடுத்தது. நிறுவனங்கள் பையன்களைத் தேர்ந்தெடுத்து, ஆடவும் பாடவும் பழக்கி மேடையேற்றும் ஆண் ஐடல் குழுக்களுக்கும் பெரும்பாலும் வெளியாட்கள்தான் எழுதுகிறார்கள்.

"லெமன்" சோகப் பாட்டுன்னு தெரியுது. ஆனா நடுநடுவுல விக்கல் மாதிரி ஒரு சத்தம் வருதே, அது என்ன?

நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். முதல் சரணத்திலேயே தாளத்துக்கு நடுவே "வெ" என்று, தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டதைப் போல ஒரு துண்டுச் சத்தம் வரும். ஒலித்துணுக்கு ஒன்றை வேண்டுமென்றே தாளத்தில் வைத்திருக்கிறார். முதலில் எனக்கும் அது இடைஞ்சலாகத்தான் பட்டது. பத்துத் தடவை கேட்டபின் அந்த இடத்தில் சத்தம் வராவிட்டால் பாட்டு வெறும் அழுகையாகிவிடும் என்று தோன்றியது. அழுதுகொண்டே பேசுகிறவருக்கு நடுவில் தொண்டை அடைக்குமே, அப்படித்தான் எனக்குக் கேட்கிறது.

மரணத்தைப் பற்றிய தொடருக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் யொனெஸுவின் தாத்தா இறந்துபோனார். பாட்டின் போக்கே மாறியது. போனவரின் நினைவாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் எலுமிச்சையின் கசந்த வாசனை, அவ்வளவுதான் பாட்டின் மையம். ஜப்பான் பில்போர்டு வருடாந்தரப் பட்டியலில் 2018, 2019 இரண்டு வருடமும் முதலிடம். அதுவரை தொலைக்காட்சியில் நேரடியாகப் பாடாதவர், 2018 கோஹாகுவில் பாடினார். டோக்கியோ அரங்குக்குப் போகாமல், தான் பிறந்த டோக்குஷிமா மாவட்டத்தில் உள்ள ஓட்சுகா கலை அருங்காட்சியகத்தில், மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நின்று பாடினார்.

இவங்க எல்லாம் ஏன் இவ்வளவு உச்சத்துல பாடறாங்க? ஆம்பளைக் குரல் மாதிரியே இல்லையே.

"ஹாகுஜிட்ஸு" கேட்டவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். அந்தப் பாட்டின் முதல் வரிகளை இகுச்சி சதோரு முழுக்கக் கள்ளக்குரலில் (ஆங்கிலத்தில் ஃபால்செட்டோ), துணைக்குப் பெரிதாக எதுவும் இல்லாமல் தொடங்குவார். பிறகு குழுவின் தலைவர் ட்ஸுனெதா டாய்கியின் கரகரத்த குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். இருவரும் நகானோ மாவட்டத்து ஈனா ஊர்க்காரர்கள். இருவரும் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள். இகுச்சி மேற்கத்திய செவ்வியல் குரலிசை, ட்ஸுனெதா செல்லோ. ட்ஸுனெதா பாதியில் விட்டுவிட்டார்.

ஜப்பானிய மொழியில் இயல்புக் குரலுக்கு "ஜிகோஎ" என்று பெயர். தரைக்குரல் எனலாம். கள்ளக்குரலுக்கு "உராகோஎ". துணியின் உள்பக்கம், இலையின் பின்பக்கம் என்போமே, அந்தப் பின்பக்கத்துக்குச் சொல்லும் சொல்தான் "உரா". தரையிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரே வரியில் தாவித் திரும்பி வருவதுதான் இப்போதைய ஆண் பாடகர்களின் பெருமை. ஹிகெடானின் ஃபுஜிஹாரா, மிஸஸ் கிரீன் ஆப்பிளின் ஓமோரி மோட்டோகி இருவரும் இதில் கெட்டிக்காரர்கள். காரோகே அறையில் அதைச் செய்து காட்டினால் கைதட்டல் நிச்சயம். முடியாதவர்களுக்குச் சுருதியை இறக்கும் பொத்தான் இருக்கிறது.

எல்லோரும் அப்படியில்லை. யொனெஸுவின் குரல் அடியிலேயே கனமாக நிற்கும். ஹோஷினோ கென் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப் போலப் பாடுவார்.

அப்ப வீட்டுல நானே பாடிப் பாக்கணும்னா எது சுலபம்?

எய்தோ பாடிய "கோசுய்". வாசனைத் திரவியம் என்று பொருள். ஒரு கிடார், ஒரு குரல். பழைய காதலி திடீரென்று செய்தி அனுப்புகிறாள், அவள் பூசும் வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திவிடுகிறது. 2019இல் வந்த இந்தப் பாட்டு, 2020இல் ஊரடங்கின்போது வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பாடிப் பதிவேற்றியதால் பெரிதானது.

"ஷினு நோ கா ஈ வா"ன்னா "செத்துப்போறதே மேல்"னு அர்த்தமாமே. தற்கொலைப் பாட்டா? என் பொண்ணு ராத்திரி பகலா கேக்கறா.

பயப்பட வேண்டாம். "உன்னை விட்டுப் பிரியறதுக்குச் செத்துப் போகலாம்" என்று நம் வீட்டில் யாராவது சொன்னால் நாம் அதை எப்படி எடுத்துக்கொள்வோமோ அப்படித்தான். காதலின் மிகைப்பேச்சு. மூன்று வேளைச் சோற்றைவிட நீதான் வேண்டும் என்றும் அதே பாட்டில் வருகிறது.

குழந்தைகள் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு "பொய் சொன்னால் ஆயிரம் ஊசி விழுங்க வேண்டும்" என்று சத்தியம் செய்யும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அந்தச் சத்தியத்தில்தான் பாட்டே தொடங்குகிறது. அடுத்து ஊசியோ எதுவோ விழுங்குகிறேன் என்ற வரியின் கடைசியை "மண்டே" என்று ஆங்கிலத் திங்கட்கிழமையாக வளைத்து விடுவார். விளையாட்டும் வீம்பும் கலந்த பேச்சு. வரி முடிவில் வரும் "வா", "நோயோ" எல்லாம் பழைய பாட்டுகளில் பெண்கள் பேசுவதாக வரும் நடை. ஆண் பாடகர் பெண்ணாக நின்று பாடும் மரபு ஜப்பானில் வெகுகாலமாக இருக்கிறது. நாயகி பாவத்தில் ஆழ்வார் பாடியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாக இருக்கக்கூடாது.

இது 2020இல் வந்த முதல் ஆல்பத்தில் ஓரமாக இருந்த பாட்டு. 2022இல் தாய்லாந்தில் டிக்டாக் வழியாகப் பற்றிக்கொண்டு உலகம் சுற்றியது. அந்த வருடக் கடைசியில் கோஹாகுவில் இதையே பாடினார். வெளிநாடு கண்டுபிடித்துக் கொடுத்த பாட்டை ஜப்பான் திரும்ப வாங்கிக்கொண்டது.

ஃபுஜீ கஸெ சாயிபாபா பக்தர்னு சொல்றாங்களே, நிஜமா?

அவருடைய மனதுக்குள் இருப்பதை நான் சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் ஆல்பத்தின் பெயர் "ஹெல்ப் எவர் ஹர்ட் நெவர்", இரண்டாவது (2022) "லவ் ஆல் சர்வ் ஆல்". இரண்டும் புட்டபர்த்தி சத்ய சாயிபாபாவின் வாக்குகளாக நம் ஊர்ச் சுவர்களிலும் ஆட்டோக்களிலும் எழுதியிருப்பவை. பார்த்த உடனே நமக்குத் தெரிந்துவிடும். ஜப்பானில் அது பலருக்குப் பிறகுதான் தெரியவந்து, பேச்சும் ஆனது. "கிரேஸ்" பாட்டின் காணொளியை இந்தியாவில் எடுத்தார். 2025இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் பெயர் "ப்ரேமா". பாட்டுகள் ஆங்கிலத்தில்.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. ஓகயாமா மாவட்டத்தின் சதோஷோ என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். சிறுவயதிலிருந்தே பியானோ வாசித்து யூடியூபில் ஏற்றியவர். டோக்கியோ பேச்சுக்கு மாறாமல் "நான்-நான்", "மோ ஏ வா" என்று சொந்த ஊர்ப் பேச்சிலேயே தலைப்பு வைத்தார். "கஸெ" என்றால் காற்று. அது புனைபெயர் இல்லை, பெற்றோர் வைத்த பெயரே அதுதான்.

மொழி தெரியாம கேட்டு என்ன பிரயோஜனம்? தமிழ்க் காதுக்கு ஏதாவது ஒட்டுமா?

நிறையவே ஒட்டும். ஜப்பானிய மொழியில் ஒவ்வொரு ஒலியும் ஒரு தட்டு. நெடில் என்றால் இரண்டு தட்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். ஒற்றில்தான் வித்தியாசம். நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு "ன்" முழுத் தட்டு. அதனால் "லெமன்" அவர்கள் வாயில் லெ-மோ-ன் என்று மூன்று தட்டு. பாட்டில் அந்த "ன்" மீது மட்டும் தனியாக ஒரு ஸ்வரம் நிற்பதைக் கேட்கலாம். இது பிடிபட்டுவிட்டால் வரிகளைக் கூடவே பாடுவது சுலபமாகிவிடும்.

வாக்கிய அமைப்பும் அப்படியே. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. நம் "ஐ" வேற்றுமை உருபு வருமிடத்தில் அவர்களுக்கு "ஓ", வினாவுக்கு நாம் "ஆ" சேர்ப்பதைப் போலக் கடைசியில் "கா". ஓனோ சுசுமு என்ற மொழி அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்றே எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வரியின் கடைசிச் சொல்லுக்குக் காத்திருக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வரி முழுக்கப் போய்க் கடைசி வினையில் "இல்லை" என்று கவிழும்போது அந்த அடி நமக்கு நேராக விழும்.

"போகு", "ஓரெ", "வாதாஷி" மூணும் "நான்"தானாமே. பாட்டுல எது வந்தா என்ன?

பெரிய வித்தியாசம். "ஓரெ" முரட்டு நான், நண்பர்களுக்கு நடுவில் பேசும் ஆண் சொல்லிக்கொள்வது. "போகு" மென்மையான நான், பையன்கள் சொல்லிக்கொள்வது. "வாதாஷி" பொதுவானது, அன்றாடப் பேச்சில் பெண்களிடம் அதிகம் கேட்பது. ஆண் பாடகர்களின் காதல் பாட்டில் பெரும்பாலும் "போகு"தான் வரும், எதிரில் இருப்பவர் "கிமி". நம் நீ, நீங்கள் எப்படி உறவின் தூரத்தைக் காட்டுமோ, அங்கே நான் என்ற சொல்லே ஆளின் சாயலைக் காட்டிவிடும். கடைசிக் கேள்வியில் இது திரும்ப வரும், நினைவில் வையுங்கள்.

பாட்டு துள்ளுது, ஆனா மனசு கனக்குது. அது எப்படி?

இரண்டு விஷயம். முதலாவது கட்டமைப்பு. நமக்குப் பல்லவி முதலில் வந்துவிடும். அவர்கள் பாட்டில் முதலில் "ஏ-மெலோ", அடுத்து "பி-மெலோ", மூன்றாவதாகத்தான் "சபி". சபிதான் நம் பல்லவி. ஏ-மெலோ தரையில் நடக்கும், பி-மெலோ மூச்சைப் பிடிக்க வைக்கும், அப்புறம் சபி திறந்துகொள்ளும். கடைசிச் சபிக்கு முன்னால் வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து குரல் மட்டும் நிற்கும் ஒரு இடம் பல பாட்டுகளில் உண்டு. அதற்கு "ஓச்சிசபி" என்று பெயர், இறங்கிய சபி. அழ வைப்பது பெரும்பாலும் அந்த இடம்தான்.

இரண்டாவது, ஜப்பானியர்கள் "ஓடோ ஷின்கோ" என்று சொல்லும் ஸ்வர அடுக்கு வரிசை. ராஜபாட்டை என்று அப்படியே தமிழாக்கலாம். மத்தியமத்தில் எழும் அடுக்கு, அடுத்து பஞ்சமம், காந்தாரம், தைவதம். கவனித்தால் ஒன்று தெரியும், ஷட்ஜத்துக்கு வருவதே இல்லை. வீட்டு வாசல் வரை போய்ப் போய்த் திரும்புகிற நடை. அதனால்தான் தாளம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஏதோ ஒன்று கைகூடாமலே இருக்கிற மாதிரி ஒரு ஏக்கம் கூடவே வருகிறது.

மிஸஸ் கிரீன் ஆப்பிள்னா பொண்ணுங்க குழுவா?

மூன்று ஆண்கள். ஓமோரி மோட்டோகி, வாகாய் ஹிரோதோ, ஃபுஜிசாவா ரியோகா. 2013இல் தொடங்கினார்கள். 2020இல் நிறுத்திவிட்டு, இரண்டு உறுப்பினர்கள் விலகிய பிறகு 2022இல் மூவராகத் திரும்பினார்கள். 2023, 2024 இரண்டு வருடமும் ஜப்பான் ரெக்கார்டு விருதின் முதல் பரிசு அவர்களுக்கு. 2024இல் பரிசு வாங்கிய "லைலாக்" பாட்டில் முதல் வினாடியிலேயே வரும் கிடார் ஓட்டத்தைக் கேளுங்கள்.

ராப் பிடிக்கும். ஏதாவது உண்டா?

கிரீப்பி நட்ஸ். ராப் பாடும் ஆர்-ஷிதெய், நேருக்கு நேர் ராப் போட்டியில் தேசிய அளவில் தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தவர். டி.ஜே. மட்ஸுனாகா 2019இல் டி.ஜே.க்களுக்கான டி.எம்.சி. உலகப் போட்டியில் வென்றவர். இவர்களுடைய "பிளிங்-பேங்-பேங்-பார்ன்" (2024) தெரிந்தவர்களுக்கு "ஓட்டோனோகெ"வைப் பரிந்துரைப்பேன். அதே வருடம் வந்தது, அதைவிட நல்ல பாட்டு என்பது என் கட்சி.

"கிக் பேக்" அமெரிக்காவுல தங்கச் சான்றிதழ் வாங்கிச்சாமே?

ஆமாம். யொனெஸு 2022இல் "செயின்சா மேன்" அனிமேக்காக எழுதிய பாட்டு. ஜப்பானிய மொழிப் பாட்டு ஒன்றுக்கு அமெரிக்க ஒலிப்பதிவுத் துறை சங்கத்தின் தங்கச் சான்றிதழ் கிடைத்தது அதுவே முதல் தடவை, 2023இல். வாத்திய அமைப்பில் கிங் நூவின் ட்ஸுனெதாவும் கைகொடுத்தார்.

அதில் உழைப்பு, எதிர்காலம், அழகான நட்சத்திரம் என்று கூவும் வரி ஒன்று வருகிறதே, அது மார்னிங் முசுமே என்ற பெண்கள் குழுவின் 2002ஆம் வருடப் பாட்டிலிருந்து எடுத்தது. அதை எழுதிய ட்ஸுங்கு தானே புகழ்பெற்ற பாடகர். தொண்டைப் புற்றுநோயால் குரல்நாண்களை அகற்ற வேண்டி வந்ததை 2015இல் அறிவித்தார். அவர் எழுதிய அந்தப் பழைய உற்சாக வரியை, பணமும் சோறும் இல்லாத ஒரு பையனின் கதைக்கு நடுவில் யொனெஸு வைத்திருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்த இடத்தை என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

பக்கத்து நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. தென் கொரியாவில் ஜப்பானிய மொழிப் பாட்டுத் தட்டுகளை விற்கவே 2004 வரை தடை இருந்தது. அந்த நாட்டின் பெரிய பாட்டுச் சேவையான மெலனின் முதல் நூறு இடங்களுக்குள் 2023இல் இமாஸே பாடிய "நைட் டான்சர்" நுழைந்தது. அங்கே அப்படி நுழைந்த முதல் ஜப்பானியப் பாட்டு.

பழைய பாட்டு சிலது ஆன்லைன்ல தேடினா கிடைக்கவே மாட்டேங்குதே?

ஜப்பானில் சிடி விற்பனை வெகுகாலம் நின்று நிலைத்ததால் பலர் இணையச் சேவைகளுக்கு மெதுவாகத்தான் வந்தார்கள். ஹோஷினோ கென் 2019 ஆகஸ்டில், யொனெஸு 2020 ஆகஸ்டில்தான் எல்லாப் பாட்டையும் திறந்துவிட்டார்கள்.

ஆண் ஐடல் குழுக்கள் விஷயம் வேறு. அந்தத் துறையையே கையில் வைத்திருந்த ஜானீஸ் நிறுவனம் தன் ஆட்களின் படங்களைக்கூட இணையத்தில் விடாமல் காத்தது. நிறுவனர் ஜானி கிதகாவா 2019இல் இறந்தார். அவர் பல பத்தாண்டுகளாகச் சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதை 2023இல் பி.பி.சி. ஆவணப்படம் வந்த பிறகு நிறுவனமே ஒப்புக்கொண்டது, பெயரையும் மாற்றிக்கொண்டது. அந்தப் பாட்டுகளைக் கேட்கலாமா என்று ஒருவர் கேட்டார். பாடிய பையன்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. கேளுங்கள். ஆனால் இது நடந்தது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

ஒரே பாட்டுக்கு மூணு மொழிபெயர்ப்பு பாத்தேன், மூணும் வேற வேற கதை சொல்லுது. எதை நம்பறது?

வினையை வைத்துச் சோதியுங்கள். தமிழில் "போனாள்" என்றால் யார் என்று வினையே சொல்லிவிடும். ஜப்பானிய வினையில் ஆண், பெண், ஒருமை, பன்மை, நான், நீ எதுவும் தெரியாது. எழுவாயையும் விட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் பெயர்க்கிறவர் அவன் என்றோ அவள் என்றோ ஏதாவது ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். "லெமன்" பாட்டில் போனவர் தாத்தாவா, காதலியா, மனைவியா என்று வரிகள் சொல்வதே இல்லை. "அவள்" என்று எழுதியிருந்தால் அது மொழிபெயர்த்தவர் சேர்த்தது. அப்படி எதையும் சேர்க்காமல் தமிழிலும் எழுத முடியும், "போய்விட்ட நீங்கள்" என்று நிறுத்திக்கொண்டால் போதும்.

முன்னே சொன்ன "நான்" இங்கேதான் உதவும். யூரி என்ற பாடகரின் "டிரை ஃபிளவர்" 2021இல் ஜப்பான் பில்போர்டு வருடப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. பாடுவது ஆண் குரல் என்பதால், காதலி விட்டுப்போன ஒருவனின் புலம்பல் என்று எழுதியிருக்கும் மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் வரியிலேயே "வாதாஷி" வருகிறது, "போகு" இல்லை. பேசுவது பெண். இவர் 2019இல் "காகுரெம்போ" என்று ஒரு பாட்டுப் போட்டிருந்தார், கண்ணாமூச்சி என்று பொருள். அதில் பிரிந்துபோனவளை நினைத்து ஏங்குபவன் ஆண். அதே பிரிவை அவள் பக்கத்திலிருந்து சொல்வதுதான் "டிரை ஃபிளவர்". "காகுரெம்போ"வை முதலில் கேட்டுவிட்டு, உடனே இதைப் போடுங்கள்.